பயணிகள் கப்பலில் வேலை: அந்தமானா, குரூஸா, ஐரோப்பிய ஃபெர்ரியா?

போன மாதம் தூத்துக்குடியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். “மாமா, ரெண்டு கப்பல் வந்திருக்கு. எதுல ஏறட்டும்?” என்றான். ஜிபி ரேட்டிங் என்கிற அடிப்படை மாலுமிப் படிப்பை முடித்துவிட்டு ஒன்றரை வருடமாக வீட்டில் இருக்கிறவன். படிப்புச் செலவுக்காக வைத்த அக்காவின் நகை இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. அவன் குரலில் இருந்த அவசரம் எனக்குப் புரிந்தது. நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு போனுக்காகக் காத்துக் கிடந்தவன்தான்.

ஒன்று, சென்னையிலிருந்து அந்தமான் போகும் பயணிகள் கப்பல். இன்னொன்று, பஹாமாஸ் கொடி பறக்கும், அதாவது அந்த நாட்டில் பதிவான, குரூஸ் கப்பல். இரண்டிலும் டெக்கில் ஓஎஸ் வேலை, அதாவது கடைநிலை மாலுமி. இது போதாதென்று கூடப் படித்த பையன் ஒருவன், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே ஓடும் ஃபெர்ரிகளில் மணிக்கு இத்தனை பவுண்டு என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். அதற்காகக் கொஞ்ச நாள் பொறுக்கலாமா என்றும் இவனுக்கு ஒரு யோசனை. “எதுல சம்பளம் ஜாஸ்தின்னு மட்டும் சொல்லுங்க மாமா.”

ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. மூன்று வகைக் கப்பலிலும் நான் வேலை செய்திருக்கிறேன். அந்தமான் கப்பலில் தொடங்கி, குரூஸில் ஏபி, அதாவது ஓஎஸ்ஸுக்கு அடுத்த படியான தேர்ந்த மாலுமி ஆகி, கடைசியில் ஒரே ஒரு காண்ட்ராக்ட் வட ஐரோப்பாவில் ஃபெர்ரியில். மாதச் சம்பளம் என்று பேப்பரில் போட்டிருந்ததற்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்ததற்கும் மூன்றிலும் வேறு வேறு கணக்கு. கடற்கரை ஊர்களில் இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இருப்பார்கள். அதனால் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அடிமட்டக் கணக்கு

உலகத்தில் வேறு எந்தத் தொழிலுக்கும் இல்லாத ஒன்று மாலுமிகளுக்கு உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவில் கப்பல் முதலாளிகளும் மாலுமிச் சங்கங்களும் உட்கார்ந்து பேசி, ஒரு ஏபிக்கு மாதம் குறைந்தது எவ்வளவு பேஸிக் என்று டாலரில் ஒரு எண்ணை முடிவு செய்கிறார்கள். 2016 ஜனவரியில் அது 614 டாலர். 2021-ல் 641. 2025-ல் 673. 2026 ஜனவரி முதல் 690. 2027-ல் 704 என்றும் 2028-ல் 715 என்றும் இப்போதே பேசி முடித்துவிட்டார்கள். ஓஎஸ் சம்பளம் இதற்குக் கீழே, டெக் ஆட்களின் தலைவரான போசன் சம்பளம் இதற்கு மேலே என்று மற்ற வேலைகளுக்கும் இதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

பத்து வருடத்தில் 614 என்பது 690 ஆகியிருக்கிறது. அதாவது 12 சதவீத உயர்வு. இதே பத்து வருடத்தில் கரையில் என்ன நடந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். பிரிட்டனில் 2016 ஏப்ரலில் மணிக்கு 7.20 பவுண்டாக இருந்த சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, 2025 ஏப்ரலில் 12.21 ஆனது. கிட்டத்தட்ட 70 சதவீதம். நம் ஊரில் ஏழாவது ஊதியக்குழு 2016 ஜனவரியிலிருந்து கணக்கில் வந்தது. அன்றைக்குப் பூஜ்யமாக இருந்த அகவிலைப்படி 2025 ஜூலைக்கு 58 சதவீதம் ஆகிவிட்டது. கரையில் இருக்கிற குமாஸ்தாவுக்கு விலைவாசியோடு சேர்ந்து சம்பளமும் ஏறியது. கடலில் இருக்கிறவனுக்கு ஊர்ந்தது.

பிறகு ஏன் ஊரில் எல்லாரும் கப்பல் சம்பளம் ஏறிவிட்டதாகச் சொல்கிறார்கள்? ரூபாய் விழுந்ததுதான் காரணம். 2016 தொடக்கத்தில் டாலர் 67 ரூபாய் அளவில் இருந்தது. 614 டாலர் என்பது சுமார் 41,000 ரூபாய். இன்றைக்கு டாலரை 88 என்று வைத்தாலும் 690 டாலர் சுமார் 60,700 ரூபாய். 48 சதவீதம் ஏறியது போலத் தெரிகிறது. அதில் பெரும்பகுதி முதலாளி கொடுத்ததில்லை, ரூபாயின் மதிப்பு இறங்கியதால் வந்தது. அப்படி வந்தும்கூட அரசு ஊழியரின் அகவிலைப்படி உயர்ந்த அளவை எட்டவில்லை. டாலர் சம்பளம் என்று கேட்டதும் கண் விரிகிற ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இந்த 690-ஐ மணிக்கணக்கில் உடைத்தால் இன்னும் தெளிவாகும். இது வாரம் 48 மணி நேர வேலைக்கான பேஸிக். மாதம் 208 மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 3.32 டாலர், ஏறக்குறைய இரண்டரை பவுண்டு. அதற்கு மேல் செய்வது ஓவர்டைம். அதற்கு பேஸிக்கைப் போல ஒன்றேகால் மடங்காவது தர வேண்டும். பிரிட்டனில் கரையில் நின்று கப்பலின் கயிற்றைப் பிடித்துக் கட்டுகிறவருக்கு, அந்த 2025 ஏப்ரல் கணக்குப்படி, மணிக்கு 12.21-க்குக் குறையக் கூடாது. கப்பலில் நின்று அதே கயிற்றை வீசுகிறவனுக்கு உலக அடிமட்டம் இரண்டரை. நடுவே இருக்கிற இந்த ஐந்து மடங்கு வித்தியாசத்தில்தான் பயணிகள் கப்பல் தொழிலின் கடந்த இருபது வருடச் சண்டை முழுக்க நடந்திருக்கிறது.

சட்டம் எங்கே முடிகிறதோ, சம்பளமும் அங்கே முடிகிறது

சரக்குக் கப்பலில் சம்பளம் பெரும்பாலும் உலகச் சந்தை விலை. பயணிகள் கப்பலில் அப்படி இல்லை. எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு ஓடுகிறது, எந்தக் கொடி, அந்தக் கரையின் அரசு தலையிடுகிறதா, இவைதான் சம்பளத்தைத் தீர்மானிக்கின்றன.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1886-லேயே அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துக்குப் பயணிகளை ஏற்றிப்போவது அமெரிக்கக் கப்பலாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்கக் கொடி என்றால் ஆட்களும் அமெரிக்கர்கள், சம்பளமும் அந்த ஊர்ச் சம்பளம். ஹவாய்த் தீவுகளுக்குள் சுற்றும் ‘பிரைட் ஆஃப் அமெரிக்கா’ ஒன்றுதான் இன்றைக்கு அந்தக் கொடியில் ஓடும் பெரிய குரூஸ் கப்பல். மற்றதில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா கொடிகள். சியாட்டிலில் கிளம்பி அலாஸ்கா போய்த் திரும்புகிற கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ராத்திரி வந்து நின்று, கொஞ்சம் பேர் இறங்கி நடந்துவிட்டு வருவார்கள், கிளம்பிவிடுவோம். முதல் வருடம் எனக்குக் காரணம் புரியவில்லை. அந்த 1886 சட்டத்துக்காக ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அதற்காகத்தான் அந்த நிறுத்தம். அந்தச் சில மணி நேரம் இருப்பதால்தான் என்னைப் போன்றவனுக்கு அந்தக் கப்பலில் வேலையும் இருந்தது, அமெரிக்கச் சம்பளம் இல்லாமலும் இருந்தது.

ஐரோப்பாவில் இன்னும் சிக்கல். நார்வே 1987-லும் டென்மார்க் 1988-லும் ஒரு இரண்டாம் பதிவேட்டைத் திறந்தன. நாட்டுக் கொடியும் இருக்கும், வெளிநாட்டு ஆளை அவன் ஊர்ச் சம்பளத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். சரக்குக் கப்பலை மனதில் வைத்து வந்த ஏற்பாடு அது. குறுகிய தூர ஃபெர்ரிகளிலும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் நடுவே ஓடிய ‘ரோசெல்லா’ என்ற பின்லாந்துக் கப்பலை எஸ்டோனியக் கொடிக்கு மாற்றி, எஸ்டோனியச் சம்பளம் கொடுக்கலாம் என்று 2003-ல் அதன் முதலாளிகள் கிளம்பினார்கள். வழக்கு 2007 டிசம்பர் வரை ஐரோப்பிய நீதிமன்றத்தில் நடந்தது.

2005-ல் அயர்லாந்து. ஐரிஷ் ஃபெர்ரீஸ் நிறுவனம் தன் 543 ஊழியர்களை அனுப்பிவிட்டு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏஜென்சி ஆட்களை மணிக்கு 3.60 யூரோவுக்குக் கொண்டுவரப் பார்த்தது. அந்த நாட்டில் அப்போது குறைந்தபட்சக் கூலி 7.65. டிசம்பர் 9-ஆம் தேதி டப்ளினிலும் மற்ற ஊர்களிலுமாக ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் தெருவில் இறங்கினார்கள். மாலுமிகளுக்காக அத்தனை பேர் தெருவுக்கு வந்தது அபூர்வம். கடைசியில் கொடி சைப்ரஸுக்கு மாறியது; சம்பளம் மட்டும் 7.65-க்குக் கீழே போகாது என்று ஒப்பந்தம் ஆனது.

அப்புறம் 2022 மார்ச் 17. பிரிட்டனின் பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் நிறுவனம் 786 மாலுமிகளை, முன்பே பதிவு செய்த ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டி ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கியது. ஒரு வாரம் கழித்துப் பாராளுமன்றக் குழு முன்னால் அதன் தலைவர், புது ஏஜென்சி ஆட்களுக்குச் சராசரியாக மணிக்கு 5.50 பவுண்டு என்று ஒப்புக்கொண்டார். அன்றைக்கு பிரிட்டனில் கரையில் வேலை செய்யும் பெரியவர்களுக்குக் குறைந்தபட்சம் 8.91. புதிதாக ஏறியவர்களில் நம் இந்தியப் பிள்ளைகளும் இருந்தார்கள், பிலிப்பைன்ஸ்காரர்களும் உக்ரைன்காரர்களும் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனவர்களுக்காக ஒரு வருத்தம். அவர்கள் இடத்தில் பாதிச் சம்பளத்துக்கு ஏறியவன் என் ஊர்க்காரனாக இருக்கலாம் என்பது இன்னொரு வருத்தம். ஏறியவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் வீட்டிலும் நகை அடகில் இருந்திருக்கும்.

அதன்பிறகுதான் சட்டம் வந்தது. பிரிட்டனின் மாலுமிகள் ஊதியச் சட்டம் 2023-ல் நிறைவேறி 2024 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. வருடத்துக்கு 120 தடவையாவது, அதாவது மூன்று நாளுக்கு ஒருமுறையாவது, பிரிட்டிஷ் துறைமுகத்தைத் தொடும் கப்பல், அந்த நாட்டுக் கடல் எல்லைக்குள் இருக்கிற நேரத்துக்கு அந்த நாட்டுக் குறைந்தபட்சக் கூலிக்கு ஈடாகக் கொடுத்தாக வேண்டும். கொடி எதுவாக இருந்தாலும் சரி. பிரான்சும் தன் பக்கத்துக்கு 2023-ல் சட்டம் போட்டது. அதில் கூடுதலாக ஒரு நல்ல விஷயம்: தொடர்ந்து 14 நாளுக்கு மேல் கப்பலில் வைத்திருக்கக் கூடாது, அதே அளவு நாள் ஓய்வும் கொடுக்க வேண்டும். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே இருக்கும் டோவர்–கலே கால்வாய் குறுகலானது. நடுக்கடல் வரை ஒரு சட்டம், அதற்கு அப்பால் இன்னொரு சட்டம் என்று கிட்டத்தட்ட முழுத் தூரமும் மூடிவிட்டது. ஆனால் உல்லாசப் பயணக் கப்பல்களை பிரிட்டிஷ் சட்டம் தொடவில்லை. சவுத்தாம்ப்டனில் நிற்கும் குரூஸ் கப்பலில் இருக்கிறவனுக்கு இதனால் ஒரு பைசாகூட ஏறாது. அக்கா மகனிடம் இதைத்தான் முதலில் அழுத்திச் சொன்னேன்.

குரூஸ்: பெரிய தொகை, விட்டுவிட்டு வரும்

குரூஸ் கம்பெனி காட்டும் மாதத் தொகை இந்தியக் கரையோரக் கப்பலைவிட அதிகமாகத்தான் இருக்கும். அதில் பொய் இல்லை. எத்தனை மாதத்துக்கு அந்தத் தொகை என்பதுதான் கேள்வி. ஒரு உதாரணத்துக்கு மாதம் 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மாதக் காண்ட்ராக்ட். சைன் ஆஃப் ஆகி, அதாவது கப்பலிலிருந்து இறங்கி, வீட்டுக்கு வந்தபின் அடுத்த கப்பல் வர மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் சம்பளம் கிடையாது. பதினொரு மாதத்துக்கு 8,000 டாலர் என்றால் மாதம் 727 தான். “லீவ் பே உண்டே” என்று ஏஜென்ட் சொல்வார். உண்டுதான். ஆனால் பெரும்பாலும் அந்த ஆயிரத்துக்குள்ளேயே அது சேர்ந்திருக்கும். கப்பலில் இருக்கும்போதே மாதாமாதம் அதையும் செலவு செய்திருப்போம். வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதம் கடன் கேட்கிற பழக்கம் கப்பல்காரன் வீடுகளில் இப்படித்தான் வருகிறது.

என் முதல் குரூஸ் சம்பளச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இடது பக்கம் பேஸிக், ஃபிக்ஸட் ஓவர்டைம், லீவ் பே என்று மூன்று வரி. வலது பக்கம் பிடித்தம்: யூனியன் சந்தா, கப்பல் கடையில் வாங்கிய சோப்பு, போன் கார்டு, துறைமுகத்தில் வாங்கிய கேஷ் அட்வான்ஸ், வீட்டுக்குப் போன அலாட்மென்ட். கீழே மிச்சம் என்ற இடத்தில் இருந்ததைப் பார்த்து, பேங்கில் தப்பு நடந்துவிட்டதோ என்று கப்பலின் கணக்கரான பர்சரிடம் போய் நின்றேன். அவர் பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினார். போன் கார்டு மட்டும் மூன்று நாள் கூலி.

டெக் ஆட்களைவிட ஹோட்டல் பகுதியில் போகிறவர்களே நம் பக்கத்தில் அதிகம். கேபின் ஸ்டூவர்ட், வெயிட்டர், கிச்சன். அவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. பேஸிக் சிறிசு, டிப்ஸ் பெரிசு. அமெரிக்கச் சந்தைக் கப்பல்களில் ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை கிராஜுவிட்டி என்று பில்லிலேயே சேர்த்துவிடுகிறார்கள், அது பலருக்கும் பங்கு போகிறது. கப்பல் நிரம்பி ஓடினால் நல்ல வருமானம். காலியாக ஓடினால் கை காயும். ஒப்பந்தத்தில் உத்தரவாதத் தொகை என்று ஒரு எண் இருக்கும். அதுதான் உண்மையான சம்பளம் என்று வைத்துக்கொண்டு வீட்டுச் செலவைத் திட்டமிட வேண்டும். ஒப்பந்தம் போடும் சங்கமும் முக்கியம். ராயல் கரீபியன் கப்பல்களுக்கு நார்வே மாலுமிகள் சங்கம் பேசி முடிக்கிறது. அப்படி ஒரு சங்கம் பின்னால் இருக்கிற காண்ட்ராக்டையும் வெறும் ஏஜென்சி காகிதத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

2020 மார்ச்சை நான் மறக்கவே மாட்டேன். உலகம் முழுக்க இரண்டு நாளில் குரூஸ் நின்றது. பயணிகளை இறக்கிவிட்டு நாங்கள் ஒரு நங்கூரப் பரப்பில் போய் நின்றோம். சுற்றிலும் வேறு கப்பல்கள், எல்லாவற்றிலும் எங்களைப் போலவே ஆட்கள். பால்கனி வைத்த அறையை எங்களுக்குக் கொடுத்தார்கள்; ஆயுளில் முதல் தடவை கப்பலின் நல்ல பக்கத்திலிருந்து கடலைப் பார்த்தேன். சாப்பாடு வந்தது. காண்ட்ராக்ட் தேதி முடிந்தது, சம்பளமும் அன்றோடு முடிந்தது. வீட்டுக்கு அனுப்ப விமானம் இல்லை. அப்படியே இரண்டு மாதத்துக்கு மேல். என் கேபின் பக்கத்தில் இருந்த கோவாக்காரர் ஒருவர் தினமும் சாயங்காலம் பால்கனியில் நின்று மகளுக்கு போன் செய்து, அப்பா அடுத்த வாரம் வந்துவிடுவேன் என்று சொல்வார். ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னார். அதே காலத்தில் பல நாடுகளில் அரசு ஃபெர்ரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. தீவுக்காரர்களுக்கு அது பஸ் மாதிரி, நிறுத்த முடியாது. பயணிகள் கப்பல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் ஒன்று உல்லாசம், இன்னொன்று அத்தியாவசியம். கஷ்ட காலத்தில்தான் அந்த வித்தியாசம் சம்பளத்தில் தெரியும்.

ஃபெர்ரி: கயிறு ஒன்று, சீட்டு வேறு

ஐரோப்பிய ஃபெர்ரி வேலையை யாரும் சொகுசு என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றரை மணி நேரப் பயணம், முக்கால் மணி நேரத்தில் இறக்கி ஏற்றித் திரும்ப வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவைகூட கால்வாயைக் கடக்கும். கார் டெக்கில் டீசல் புகை. லாரிகளைச் சங்கிலி போட்டு இறுக்கி, அக்கரையில் அவிழ்த்து, திரும்ப இறுக்கி. கப்பலைக் கரையோடு கட்டும் முரிங் கயிற்றை ஒரே நாளில் அத்தனை தடவை எடுத்து வீசியதில் தோள்பட்டை இன்னும் மழைக்காலத்தில் வலிக்கும்.

நான் ஏஜென்சி மூலம் போனவன். என்னோடு கயிறு கட்டும் இடத்தில் நின்ற உள்ளூர் ஏபி பழைய ஒப்பந்தக்காரர், அறுபதை நெருங்குகிறவர். ஒரு நாள் மெஸ்ஸில் டீ குடிக்கும்போது அவர் சம்பளச் சீட்டு மேஜைமேல் கிடந்தது, அவரே எடுத்துப் பார்க்கச் சொன்னார். என்னைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதைவிட என்னைத் தொட்டது இன்னொன்று: அவர் இரண்டு வாரம் கப்பல், இரண்டு வாரம் வீடு. வீட்டில் இருக்கும் இரண்டு வாரத்துக்கும் சம்பளம். நான் நாலு மாதமாக இறங்கவில்லை. அவர் என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்தது கிடையாது. என் சீட்டைப் பார்த்தபோது மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இப்போது அந்தக் கால்வாயில் சட்டம் வந்துவிட்டது. அதனால் அக்கா மகனின் நண்பன் அனுப்பிய செய்தி பொய் இல்லை. ஆனால் அவன் விட்டுவிட்ட ஒன்று உண்டு. வெளியூர் ஆளுக்கும் உள்ளூர் ஆளுக்கும் அடிமட்டச் சம்பளம் நெருங்கி வந்துவிட்டால், வெளியூர் ஆளைத் தேடுகிற காரணம் குறையும். மலிவாகக் கிடைப்பான் என்பதற்காக இனி எடுக்க மாட்டார்கள், கைப்பழக்கத்துக்காகத்தான் எடுப்பார்கள். பயணிகள் கப்பல் அனுபவம், ஏபி சான்றிதழ், கூட்டத்தைக் கையாளும் பயிற்சி எல்லாம் கையில் இருக்கிறவனுக்கு நல்ல இடம். படிப்பு முடித்து இன்னும் ஒரு கப்பலும் ஏறாத ஓஎஸ், இதற்காக வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பது வீண்.

நம் கரை

இந்தியக் கொடிக் கப்பலில் சம்பளம் தேசியக் கடல்சார் வாரியம் என்று சொல்லப்படும் மேஜையில் முடிவாகிறது. ஒரு பக்கம் இந்தியக் கப்பல் முதலாளிகள் சங்கம், இன்னொரு பக்கம் மாலுமிச் சங்கங்கள். தொகை குரூஸைவிடக் குறைவு. சில வருடத்துக்கு ஒருமுறைதான் திருத்துவார்கள். நிரந்தர அரசுப் பணியாக இருந்தால் அகவிலைப்படி வருடத்துக்கு இருமுறை தானாக ஏறும். ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் சொற்பம், நம் பிள்ளைக்கு வந்திருப்பது காண்ட்ராக்ட்தான். 1966 சட்டப்படியான மாலுமிகள் வருங்கால வைப்பு நிதி இருப்பது ஒரு பிடிப்பு. வெளிநாட்டுக் கொடியில் பெரும்பாலும் அது இருக்காது, நாமே சேர்த்தால்தான் உண்டு.

சென்னையிலிருந்து மூன்று நாள் பயணம். பங்க் வகுப்பில் குடும்பம் குடும்பமாகப் படுத்திருப்பார்கள், பிளாஸ்டிக் வாளியில் மாங்கன்று எடுத்துப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கப்பல்கள் பழசு. கிளம்பும் தேதி தள்ளிப்போகும். துரு தட்டுவதற்கும் பெயின்ட் அடிப்பதற்கும் குறைவே இருக்காது. புதுப் பையனுக்கு அதுதான் பள்ளிக்கூடம். குரூஸில் ஓஎஸ் என்றால் பாதி நாள் கைப்பிடி துடைப்பதில் போய்விடும். இங்கே வாட்ச், ஸ்டியரிங், நங்கூரம், படகு இறக்குவது என்று எல்லாவற்றிலும் கை வைக்க விடுவார்கள்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை ஃபெர்ரியில் ஏறலாமே என்று அக்கா கேட்டாள். ஊருக்குப் பக்கம் என்கிற ஆசை. அந்தப் பாதை 2023 அக்டோபரில் திறந்து, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பலோடு மறுபடி தொடங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அது நன்றாக ஓட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன், இரண்டு கரையிலும் சொந்தம் இருக்கிற மக்களுக்கு அது தேவை. ஆனால் ஓடாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஏற வேண்டும். கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் கழகத்தின் படகுகள் பாறைக்கும் கரைக்கும் ஓடுகின்றன. வீட்டுச் சாப்பாடு, ராத்திரி சொந்தப் பாய். குடும்பஸ்தனுக்கு நல்ல வேலை. ஏபி ஆக நினைக்கிற இளைஞனுக்கு அந்தச் சர்வீஸ் கணக்கில் வருமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வரி பற்றி ஒரு வார்த்தை. “ஃபாரின் கப்பல்னா வரி இல்ல” என்பது ஏஜென்ட்களின் பழைய பாட்டு. வருடத்தில் 182 நாளுக்கு மேல் வெளிநாட்டு ஓட்டத்தில் இருந்து, சிடிசி என்கிற மாலுமிப் புத்தகத்தில் சைன் ஆன், சைன் ஆஃப் முத்திரை சரியாக இருந்தால் அந்தச் சம்பளத்துக்கு இங்கே வரி வராது என்பது உண்மை. அந்தமான் ஓட்டம் அதில் சேராது. ஆனால் 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய வரித் திட்டத்தில் 12 லட்சம் வரை வரியே இல்லை. ஓஎஸ், ஏபி சம்பளத்துக்கு இந்த வித்தியாசம் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதிகாரிகளுக்கு அது வேறு கதை.

அவனுக்குச் சொன்னது

ஏபி சான்றிதழ் வாங்க, வாட்ச் ரேட்டிங், அதாவது காவல் முறையில் நிற்கும் தகுதி வந்தபின் டெக்கில் 18 மாதக் கடல் சர்வீஸ் வேண்டும். பயிற்சியோடு சேர்ந்தால் 12 மாதம். இன்றைக்கு அவனுக்குச் சம்பளத்தைவிட இந்த மாதங்கள்தான் சொத்து. அதனால் அந்தமான் கப்பலில் ஏறச் சொன்னேன். குரூஸ் கப்பலும் சர்வீஸ் கணக்கில் வரும், தொகையும் அதிகம். கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் அதை எடுப்பதில் தப்பில்லை என்றும் சொன்னேன். அக்காவிடம் தனியாகப் பேசினேன். நகைக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஏலத்துக்குப் போகும் நிலை இல்லை. அப்படியானால் அந்தமான்தான். ஏபி கையில் வந்தபின், சட்டம் காக்கிற பாதையில் ஓடும் ஃபெர்ரியைத் தேடலாம். அதற்குள் தோளும் பழகியிருக்கும்.

நாளைக்கே கையில் ஏபி இருக்கிற ஒருவர் என்னிடம் வந்து குரூஸா, கால்வாய் ஃபெர்ரியா என்று கேட்டால், யோசிக்காமல் ஃபெர்ரி என்பேன். மாதத் தொகை ஒன்றாகவே இருந்தாலும் அப்படித்தான். ஒன்றில் சம்பளத்துக்குக் கீழே ஒரு நாட்டின் சட்டம் நிற்கிறது. மற்றதில் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து டாலர் ஏறுகிற ஒரு எண் நிற்கிறது. ஹோட்டல் பக்கம் போகிறவர்களுக்கு ஃபெர்ரியில் வாய்ப்பு குறைவு, குரூஸ்தான் வழி. அவர்கள் பார்க்க வேண்டியது உத்தரவாதத் தொகையையும் சங்கத்தையும்.

எந்தக் கப்பலானாலும் ஏஜென்ட்டின் ஆர்பிஎஸ்எல் என்கிற ஆள் எடுக்கும் உரிமம் கப்பல்துறை இயக்குநரகத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்காகப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி மாலுமியிடம் வேலை வாங்கித் தரக் கட்டணம் வாங்கக் கூடாது. 2015-ல் இந்தியாவும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. மெடிக்கல், சிடிசி, பாஸ்போர்ட் செலவு மட்டும்தான் நம்முடையது. லட்சக்கணக்கில் கொடுத்து ஏறுகிறவன் முதல் காண்ட்ராக்ட் முழுக்க அந்தக் கடனுக்குத்தான் வேலை செய்கிறான்.

இரண்டு ஏஜென்ட்களிடமும் மூன்று கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன்: லீவ் பே மாதத் தொகைக்கு உள்ளேயா, வெளியேயா? காண்ட்ராக்ட் முடிந்து ரிலீவர், அதாவது மாற்று ஆள், வரவில்லை என்றால் சம்பளம் தொடருமா? கப்பல் ஓடாமல் நின்றால் என்ன கொடுப்பார்கள்? நேற்று ராத்திரி போன் செய்தான். குரூஸ் ஏஜென்ட் முதல் கேள்விக்கு “உள்ளேதான் தம்பி” என்றாராம், மற்ற இரண்டுக்கும் காண்ட்ராக்டைப் படித்துப் பார்க்கச் சொன்னாராம். அந்தமான் கப்பல்காரர்கள் ரிலீவர் வரும்வரை சம்பளம் உண்டு என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். மெடிக்கல் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் சென்னைக்கு ரயில் ஏறுகிறான். பாய்லர் சூட் இரண்டு சொந்தமாக வாங்கி வைத்துக்கொள் என்றேன். கப்பலில் கொடுப்பது அளவுக்கு வந்து சேர ஒரு மாதம் ஆகும்.